பாதாளத்தை வரைந்த குஸ்தாவ் டோரே

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர். அங்கிருந்து 1974-ஆம் ஆண்டு ஒரு விளையாட்டு வெளிவந்தது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று அதற்குப் பெயர். சீட்டுக்கட்டோ, காய் நகர்த்தும் பலகையோ அதற்குத் தேவையில்லை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள்ளேயே வீரனாகவும் மந்திரவாதியாகவும் திருடனாகவும் புகுந்து, பகடை உருட்டி, பாதாள அறைகளில் பூதங்களோடும் தீயுமிழும் நாகங்களோடும் மோத வேண்டும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உண்டாக்கிய இந்த ஆட்டம் முதலில் ஆயிரம் பெட்டிகள்தாம் அச்சாயிற்று. பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். அவற்றில், தேர்ச்சி பெறாத கைகள் கறுப்பு மையில் வரைந்த படங்கள்.

1977-லும் 1978-லும் வந்த பெரிய புத்தகங்களிலும் உள்ளே இருந்த படங்கள் கறுப்பு வெள்ளைதான். 1980-களில் கம்பெனி வளர்ந்தது. தேர்ந்த ஓவியர்கள் வந்து தைலவண்ணத்தில் பளபளக்கும் படங்களைத் தீட்டிக் கொடுத்தார்கள். உடற்கூறு பிசகாத வீரர்கள். செதிள் செதிளாக மின்னும் நாகங்கள். ஆனால் அன்று சிறுவர்களாக இருந்து இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட ரசிகர்கள் பலர் அந்த வண்ணப் படங்களைவிட, முதலில் வந்த கோணல் மாணல் கறுப்புப் படங்களைத்தான் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழைய பாணியிலேயே புதிதாக வரையச் சொல்லிப் புத்தகம் போடுகிற பதிப்பாளர்களும் இருக்கிறார்கள். அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏக்கம் புதிதாக இராது.

சிறுவயதில் பார்த்தது எதுவும் மனதைவிட்டு அகலாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. மற்றப் பாதி கறுப்பு மையிலேயே இருக்கிறது. வண்ணப் படம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பவன்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். 1978-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் டேவிட் சதர்லாந்து என்பவர் வரைந்த முழுப்பக்கப் படம் ஒன்று உண்டு. நரகத்தில் தன்னந்தனியாக நின்று பிசாசுக் கூட்டத்தோடு வாள் வீசும் ஒரு வீரன். பழைய புத்தகங்களோடு பழக்கம் உள்ளவர்கள் அதைப் பார்த்ததும் நூறாண்டுக்கு முந்திய இன்னொருவரை நினைத்துக்கொள்வார்கள். நரகம், குகை, பேய்க்காடு, பாழ்கோட்டை ஆகியவை எப்படி இருக்கும் என்று உலகத்துக்கே ஓர் உருவம் கொடுத்துவிட்டுப் போன அவர், பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே.

டோரே பிறந்தது 1832-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி, பிரான்சின் கிழக்கு எல்லையிலுள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரில். தகப்பனார் அரசாங்கத்தில் பாலங்களும் சாலைகளும் போடும் எஞ்சினீயர். மூன்று மகன்களில் குஸ்தாவ் ஒருவர். ஸ்ட்ராஸ்பர்க்கில் வானளாவிய பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறது. கோபுரம் முழுக்கக் கல்லில் செதுக்கிய மகான்களும் விசித்திர மிருகங்களும். ஊருக்கு மேற்கே வோஸ்ஜ் மலைத்தொடர். அதில் பகலிலும் வெளிச்சம் நுழையாத ஊசியிலைக் காடுகள். இந்த இரண்டையும் பிற்காலத்து டோரேயின் படங்களில் எங்கே வேண்டுமானாலும் காணலாம். அவர் வரைந்த நரகத்துக் காடும் வோஸ்ஜ் காடுதான்.

ஐந்து வயதிலேயே பையன் கையில் கிடைத்த தாள்களையெல்லாம் கிறுக்க ஆரம்பித்துவிட்டான். தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. மகன் தம்மைப்போல் எஞ்சினீயராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். தாயாரோ தம் பிள்ளை மகாமேதை என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். கடைசி வரை அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

1847-ல் குடும்பத்தோடு பாரிஸுக்கு வந்தார் டோரே. வயது பதினைந்து. ஒரு படக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய கேலிச் சித்திரங்களைப் பார்த்தார். இவற்றை நம்மாலும் போட முடியும் என்று தோன்றியது. சித்திரங்களோடு நேரே போய்ப் பதிப்பாளர் ஷார்ல் பிலிப்போனைப் பார்த்தார். பிலிப்போன் லேசுப்பட்டவர் அல்ல. மன்னர் லூயி பிலிப்பைப் பேரிக்காயாக வரைந்து வழக்குகளைச் சந்தித்தவர். பையனின் படங்களைப் பார்த்ததும் அவனை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கும் போகலாம், வாரம் ஒரு படமும் தர வேண்டும் என்று பெற்றோரோடு மூன்றாண்டு ஒப்பந்தம் எழுதியாயிற்று. ஹெர்குலிசின் சாகசங்களைக் கேலி செய்யும் அவருடைய முதல் புத்தகம் அதே ஆண்டில் வெளிவந்தது.

1849-ல் தகப்பனார் காலமானார். பதினேழு வயதில் குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் பொறுப்பு டோரேயின் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் பென்சிலைக் கீழே வைக்கவே இல்லை என்று சொல்லலாம். ஓவியப் பள்ளி எதிலும் அவர் முறையாகப் படித்தவர் அல்ல. ஆளை எதிரே நிறுத்தி வைத்து வரையும் வழக்கமும் அவருக்குக் குறைவு. ஒருமுறை பார்த்தால் போதும், பல நாள் கழித்தும் நினைவிலிருந்து வரைந்துவிடுவார். இந்த வரம்தான் பின்னால் அவருக்கு வினையாகவும் முடிந்தது.

1854-ல் ராபெலேயின் நூலுக்கும், அடுத்த ஆண்டு பால்ஸாக்கின் வேடிக்கைக் கதைகளுக்கும் படம் போட்டார். பால்ஸாக் நூலுக்கு மட்டும் 425 படங்கள். பெயர் பரவிவிட்டது. ஆனால் டோரேயின் மனம் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. உலகத்துப் பேரிலக்கியங்கள் அத்தனைக்கும் ஒரே அளவில் பெரிய பெரிய புத்தகங்களாகப் படம் வரைய வேண்டும் என்று பட்டியல் போட்டார். முதலில் எடுத்துக்கொண்டது இத்தாலியக் கவி தாந்தேயின் நரகப் பயணம். இவ்வளவு விலையுயர்ந்த புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று அஷேத் என்ற பெரிய பதிப்பகம் பணம் போட மறுத்துவிட்டது. செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார் டோரே. 1861-ல் புத்தகம் வந்தது. வந்த வேகத்தில் விற்றது. தாம் ஒரு கழுதை என்று ஒப்புக்கொண்டு பதிப்பாளர் டோரேக்குத் தந்தி அடித்தார் என்றொரு கதை உண்டு. அதே ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு லீஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

தாந்தேயின் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான படங்களில் தாந்தேயும் வழிகாட்டியான வர்ஜிலும் ஒரு மூலையில் சிறு உருவங்களாக நிற்கிறார்கள். மீதி இடமெல்லாம் செங்குத்தான பாறை, புகை, இருட்டு. தற்கொலை செய்துகொண்டவர்கள் மரங்களாகிக் கிடக்கும் காட்டில் கிளைகள் கைகளாக முறுக்கிக்கொண்டிருக்கின்றன. வெட்டுண்ட தன் தலையையே விளக்குப்போல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவன் வருகிறான். பனிக்கட்டியில் இடுப்பளவு புதைந்து, தாடையில் கையை ஊன்றியபடி நரகத்தின் அரசன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே பூதாகரமான ஆபத்து, இந்தப் பக்கம் இரண்டு அற்ப மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் நாம். 1974-ல் பிறந்த அந்த விளையாட்டில் ஆடுபவர்கள் நிற்கும் இடமும் இதுவேதான்.

இந்தப் படங்கள் தாளில் ஏறிய விதமும் சொல்லத் தக்கது. அந்தக் காலத்தில் புத்தகப் படங்களை மரக்கட்டையில் செதுக்கித்தான் எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க முடியும். இதற்கு பாக்ஸ்வுட் என்ற இறுகிய மரத்தைக் குறுக்கே அறுத்து, வழவழப்பாக இழைத்து எடுப்பார்கள். அந்த மரம் பருமனாக வளராது. ஆகவே பெரிய படத்துக்குப் பல துண்டுகளை இணைத்துத் திருகி முடுக்க வேண்டும். எந்த இடத்தைச் சுரண்டி எடுக்கிறார்களோ அது தாளில் வெள்ளையாக விழும். மிச்சமிருப்பது மை ஏற்றுக் கறுப்பாக விழும். அதுவரை ஓவியர் கட்டையின்மேல் கோடு கோடாக வரைந்து கொடுப்பார்; செதுக்குபவர் கோட்டை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார். டோரே இதை மாற்றினார். கட்டையின்மேல் தூரிகையால் கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக ஓவியமே தீட்டிவிடுவார். இந்தச் சாம்பல் நிறத்தை எத்தனை மெல்லிய கோடுகளாகப் பிரிப்பது, எந்தப் பக்கம் வளைப்பது என்பதெல்லாம் செதுக்குபவரின் பாடு.

எலியோடோர் பிஸான் என்பவர் இந்தக் கலையில் மன்னர். தாந்தேயின் படங்களில் ஒரு மூலையில் டோரேயின் கையொப்பமும் மறு மூலையில் பிஸானின் கையொப்பமும் இருப்பது அதனால்தான். நாற்பது பேருக்கும் மேற்பட்ட செதுக்குக் கலைஞர்கள் டோரேக்காக வேலை செய்திருக்கிறார்கள். நம் கண்ணில் படும் டோரேயின் இருட்டு, பாதி அவர்கள் கைவேலை. உளி இறங்கியதும் டோரே தீட்டிய ஓவியம் மரத்தூளாகப் போய்விடும். அச்சுப் பிரதிதான் மிச்சம். புகைப்பட முறையில் ஓவியத்தைக் கட்டைமேல் ஏற்றும் வழி பின்னால் வந்த பிறகுதான் மூலப் படங்கள் சில தப்பின.

செதுக்கிய கட்டையிலிருந்து மின்சார முறையில் உலோகப் படிகள் எடுத்து வெளிநாடுகளுக்கு விற்றார்கள். ஆகவே ஒரே படம் பல மொழிப் புத்தகங்களில் வெளிவந்தது. உலகம் முழுவதும் ஒரே நரகத்தைப் பார்த்ததற்கு இந்த வியாபாரம் ஒரு முக்கியமான காரணம்.

பிறகு வந்தவை பலவற்றைப் பெயர் சொல்லிக்கொண்டு போனாலே போதும். 1862-ல் பெரோவின் தேவதைக் கதைகள். 1866-ல் இருநூற்றுக்கு மேற்பட்ட படங்களோடு பைபிள். அதே ஆண்டில் மில்டனின் காவியம். அடுத்து லா பொன்டேனின் நீதிக் கதைகள். 1863-ல் வந்த செர்வாண்டிஸின் டான் குவிக்ஸாட் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. ஒல்லிக் குதிரைமேல் ஒல்லி வீரன், கழுதைமேல் குள்ளத் தொந்திக்காரன் என்று இன்று உலகம் மனதில் வைத்திருக்கும் உருவத்தில் பெரும்பங்கு டோரேயினுடையது. அந்தப் புத்தகத்தின் முகப்புப் படத்தில், குவிக்ஸாட் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையில் புத்தகமும் மறு கையில் தூக்கிய வாளுமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். புத்தகங்களிலிருந்து கிளம்பிய ராட்சதர்களும் குதிரை வீரர்களும் அழுகிற இளவரசிகளும் அறை முழுக்க அவரைச் சூழ்ந்து மொய்க்கிறார்கள். கதை படிப்பதன் ஆனந்தத்தையும் அபாயத்தையும் ஒரே படத்தில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஓவியம் வேறு உண்டா என்பது சந்தேகம்தான்.

புகழும் பணமும் குவிந்தன. பிடில் வாசிப்பார்; கைகளால் நடந்து காட்டுவார்; ஆல்ப்ஸ் மலை ஏறுவார்; நண்பர்களைக் கூட்டி விருந்து வைப்பார். இசைமேதை ரோஸினி 1868-ல் இறந்தபோது மரணப் படுக்கையில் அவரை வரைந்தவர் டோரே. ஆனால் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாரிஸில் சான் டொமினிக் தெருவில் தாயாரோடேயே வாழ்ந்தார்.

இத்தனை இருந்தும் அவர் நெஞ்சில் ஒரு முள். டோரே தம்மைப் படப் புத்தகக்காரராக நினைக்கவில்லை. தாம் ஓவியர், புத்தகப் படங்கள் தூரிகைக்கும் சாயத்துக்கும் பணம் சேர்க்கும் வழி மட்டுமே என்று நம்பினார். ஆண்டுதோறும் பாரிஸ் ஓவியக் கண்காட்சிக்குப் பெரிய பெரிய சீலைகளை அனுப்பினார். விமர்சகர்கள் கை விரித்தார்கள். அளவைப் பெருக்கிய புத்தகப் படங்கள் என்றார்கள். நிறம் தெரியவில்லை, மனித உடம்பைப் பார்த்துப் படிக்கவில்லை என்றார்கள். குற்றச்சாட்டு முழுக்கப் பொய்யும் அல்ல. நினைவிலிருந்தே வரைந்து பழகிய கை சிறிய கட்டையில் காட்டிய ஜாலத்தை இருபதடி உயரச் சீலையில் காட்ட முடியவில்லை.

பாரிஸ் மறுத்ததை லண்டன் கொடுத்தது. 1860-களின் இறுதியில் லண்டன் நியூ பாண்ட் தெருவில் அவருடைய ஓவியங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். ஏசுநாதர் விசாரணை மண்டபத்திலிருந்து இறங்கி வரும் காட்சியை இருபதடி உயரம், முப்பதடி அகலத்தில் வரைந்த சீலை அங்கே நடுநாயகமாகத் தொங்கியது. மக்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அந்தக் கூடம் அவர் இறந்த பிறகும் 1892 வரை நடந்தது. ஆனாலும் ஆங்கிலேயரின் கைதட்டல் டோரேயின் தாகத்தைத் தீர்க்கவில்லை. அவர் கேட்டது பாரிஸின் கைதட்டலை.

1870-ல் பிரெஞ்சு – பிரஷ்ய யுத்தம் மூண்டது. டோரே தேசியக் காவற்படையில் சேர்ந்து பாரிஸ் முற்றுகையைக் கண்ணால் கண்டார். பிரான்ஸ் தோற்றது. பிறந்த ஊரான ஸ்ட்ராஸ்பர்க் ஜெர்மனி வசம் போயிற்று. 1871-ல் அவர் தீட்டிய ‘புதிர்’ என்ற ஓவியம் இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூரத்தில் நகரம் எரிகிறது. முன்னால் பிணங்கள். நடுவே சிங்க உடல் படைத்த ஸ்ஃபிங்க்ஸின் முகத்தைப் பற்றிக்கொண்டு, சிறகு முளைத்த பெண் ஒருத்தி ஏதோ கேட்கிறாள். தைல ஓவியந்தான். ஆனால் ஏறக்குறைய முழுவதும் சாம்பல் நிறம். விமர்சகர்கள் இல்லையென்ற வண்ணத்தைத் தாமே ஒதுக்கி வைத்த இடத்தில் டோரே ஓவியராகவும் ஜெயித்துவிட்டார். அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

பத்திரிகையாளர் பிளான்சர்ட் ஜெரால்டோடு லண்டன் சந்து பொந்துகளில் சுற்றி 1872-ல் வெளியிட்ட நூல் இன்னொரு விதமான பாதாளம். ஆண்டுக்கு மூன்று மாதம் லண்டனில் தங்கி வரைய, ஆண்டொன்றுக்கு 10,000 பவுன் என்று ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம். பூதமும் இல்லை, பேயும் இல்லை. ரயில் பாலத்தின் அடியில் புறாக்கூண்டு வீடுகளும், சிறைக்கூடத்து முற்றத்தில் வட்டமாகச் சுற்றி நடக்கும் கைதிகளும்தான். ஏழ்மையைக் காட்டிவிட்டார் என்று லண்டன் பத்திரிகைகள் சில முகம் சுளித்தன. அந்தக் கைதிகளின் படத்தைத்தான் 1890-ல் மனநோய் விடுதியில் இருந்த வான்கோ வண்ணத்தில் மறுபடி தீட்டினார்.

கோலரிட்ஜின் கிழமாலுமிக் கதைக்குச் சொந்தப் பணத்தைக் கொட்டி வரைந்த நூல் 1876-ல் லண்டனில் வந்தது; போட்ட பணம் எளிதில் திரும்பவில்லை. 1879-ல் அரியோஸ்டோவின் காவியத்துக்கு அறுநூறுக்கு மேல் படங்கள். பாதி குதிரையும் பாதி கழுகுமான பறக்கும் மிருகத்தின்மேல் ஏறி வீரர்கள் கடலரக்கனோடு போரிடும் உலகம் அது. 1977-ல் வந்த விளையாட்டுப் புத்தகத்தின் மிருகப் பட்டியலிலும் அந்தக் கழுகுக்குதிரை இருக்கிறது. அங்கே வரைந்தவர்கள் டோரேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இடையில் சினிமா இருந்தது. 1933-ல் வந்த ‘கிங் காங்’ படத்தின் தீவுக் காட்டை அமைக்க வில்லிஸ் ஓப்ரையன் குழுவினர் டோரேயின் காடுகளைத்தான் பார்த்தார்கள். அவருடைய சீடர் ரே ஹாரிஹவுசனும் தமக்கு டோரே ஆசான் என்று பல முறை சொன்னவர். எலும்புக்கூடுகள் வாள் சண்டை போடும் அவருடைய படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் பிறகு பகடை உருட்டியது.

கடைசி ஆண்டுகளில் டோரே சிற்பத்திலும் இறங்கினார். ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’ எழுதிய டூமாவுக்குப் பாரிஸில் நிற்கும் நினைவுச் சின்னம் அவர் ஊதியம் வாங்காமல் செய்தது. அது திறக்கப்பட்ட 1883 நவம்பரில் அவர் உயிரோடு இல்லை. 1881-ல் தாயார் இறந்ததிலிருந்து தேறவே இல்லை. ஷேக்ஸ்பியருக்குப் படம் வரையும் ஆசை நிறைவேறவில்லை. எட்கர் ஆலன் போவின் ‘அண்டங்காக்கை’க்கு வரைந்த படங்களை முடித்துக் கொடுத்தார், புத்தகத்தைப் பார்க்கவில்லை. 1883 ஜனவரி 23-ஆம் தேதி, ஐம்பத்தொன்று நிறைந்து மூன்றாவது வாரத்தில் காலமானார். பாரிஸ் பெர் லாஷேஸ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

லண்டன் கூடத்தில் தொங்கிய சீலைகள் 1892-க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போயின. அங்கேயும் முதலில் கூட்டம் கூடியது. பிறகு மறந்துபோய்க் கிடங்கில் நெடுங்காலம் கிடந்தன. அந்த இருபதடிச் சீலை இப்போது ஸ்ட்ராஸ்பர்க் அருங்காட்சியகத்தில், டோரேக்கென்றே ஒதுக்கிய பெரிய அறையில் இருக்கிறது. அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டும். தாந்தேயின் நரகத்தைப் பார்க்க அப்படியில்லை. பதிப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டதால் மலிவான மறுபதிப்புகள் ஏராளம். பெங்களூர் சர்ச் தெருப் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஒன்று தட்டுப்பட்டால், வாங்காவிட்டாலும், தலையை விளக்காகப் பிடித்து வரும் அந்த மனிதனின் பக்கம் வரையிலாவது புரட்டிப் பாருங்கள்.